அம்மாவுக்கு ஒதுக்கிய டிரைவ்

ஒரு வீட்டுக் கணினியின் ஹார்ட் டிஸ்க்கை எத்தனையாகப் பிரிக்க வேண்டும்?

சென்ற வாரம் கடைக்காரர் என்னிடம் கேட்டது இதைத்தான். "ஒரே டிரைவா வுட்டுடவா மேடம், இல்ல ரெண்டு மூணா பிரிச்சிக் குடுக்கவா?" என் கணவருக்கு வீட்டிலிருந்து வேலை, எனக்குப் பள்ளிக்கூட வேலை, மகள் ஒன்றாம் வகுப்பு. மூவருக்கும் பொதுவாக ஒன்று வாங்குகிறோம். "வீட்ல கேட்டுச் சொல்றேங்க" என்று வந்துவிட்டேன். வீட்டில் கேட்டால் அவர் சிரித்தார். "இப்பல்லாம் யாரு பிரிக்கிறாங்க? ஒண்ணே போதும்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி, நீ எப்படிச் சொல்றியோ அப்படி" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைக்காரர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். என் வயதுக்காரர்களாக இருந்தால் ஒருவேளை நினைக்க மாட்டீர்கள். நம் வீடுகளுக்குக் கணினி வந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். மானிட்டருக்கு மிச்சத் துணியில் உறை தைத்தோம். அணைத்தவுடன் திரையருகே கையைக் கொண்டு போனால் மயிர்க்கால்கள் சிலிர்க்கும். மவுஸின் வயிற்றைத் திறந்து, உருண்டையை எடுத்து, உள்ளே படிந்த அழுக்கை நகத்தால் சுரண்டுவோம். கரண்ட் போனால் யுபிஎஸ் கத்தும். வீடு முழுக்க ஓடிவந்து, "ஷட் டவுன் பண்ணு, ஷட் டவுன் பண்ணு" என்று கூச்சல் போடும்.

எங்கள் வீட்டில் அது கூடத்தில், ஷோகேசுக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பாவுக்கு ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் அரசு வேலை. அண்ணன் பத்தாம் வகுப்பு எழுதி முடித்திருந்தான். அவனை இன்ஜினியரிங் படிக்கவைக்கப் போகிறோம் என்பதற்காகத்தான் கணினி வந்தது. பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் உறவுக்காரர்கள், சுற்றி முடித்துக் கால் வலிக்க எங்கள் வீட்டுக்கு வந்து, கூடத்தில் படுப்பதற்கு முன் ஒரு தடவை அதைப் போட்டுக் காட்டச் சொல்வார்கள். ஆளுக்கொரு பாட்டு சிடி கொண்டுவந்து ஏற்றிவிட்டும் போவார்கள்.

ஆனால் அதை அதிகம் உபயோகித்தது அம்மாதான்.

அம்மா எம்.ஏ. தமிழ், பி.எட். கல்யாணத்துக்கு முன்பே தமிழ் டைப்ரைட்டிங் பாஸ் செய்திருந்தாள். முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டு, மதியம் சமையல் வேலை ஓய்ந்ததும் கணினி முன் உட்காருவாள். தேரடி வீதிக்குப் பக்கத்தில் டைப்பிங் சென்டர் வைத்திருந்த ஓர் அக்கா, தமிழ் எழுத்து வருவதற்காக ஒரு பிளாப்பி கொடுத்திருந்தாள். அதைப் போட்டு ஏற்றியபின், பழைய டைப்ரைட்டரில் விரல் எங்கே போகுமோ அங்கேயே எழுத்துகள் வந்தன. அம்மாவுக்கு அன்று வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விசைகளைப் பார்க்காமலே அடிப்பாள். நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அவள் கோடு போட்டு வைத்த பத்திகளைப் புத்தகத்திலிருந்து படித்துச் சொல்வேன். எனக்கு அப்போது நான்காம் வகுப்பு முடிந்த விடுமுறை. எனக்கு வாயில் நுழையாத சொல் வந்தால் அம்மா சிரித்துக்கொண்டே அதை முழுதாகச் சொல்லி, சொன்னபடியே அடித்துவிடுவாள். நான் படித்துச் சொன்னது அப்படியே திரையில் வராது. அவள் அதைச் சுருக்கி, தன் சொல்லில் மாற்றி அடிப்பாள். இலக்கண விதிகளுக்கு எங்கள் வீட்டு எடுத்துக்காட்டுகள் இருக்கும். அண்ணன் சாப்பிட்டான், பாப்பா சாப்பிடவில்லை என்று. எங்களிடம் பிரிண்டர் கிடையாது. எல்லாம் முடிந்ததும் அந்த அக்காவிடம் கொண்டுபோய் ஒரேயடியாகப் பிரிண்ட் எடுக்கலாம் என்று இருந்தாள்.

அந்தச் சித்திரை மாதத்தில் மலை பகலெல்லாம் காய்ந்து, பொழுது சாய்ந்த பிறகும் அனலை ஊருக்குள் விட்டுக்கொண்டிருந்தது. கணினியும் சூடாகித் திணறியது. சிபியுவின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனை நேராக அதன் வயிற்றுக்குத் திருப்பி வைத்திருந்தோம். அப்படியும் ஒரு பக்கம் திறப்பதற்குள் அம்மா போய் அரிசி களைந்துவிட்டு வரலாம். அப்பா அலுவலகத்தில் யாரிடமோ விசாரித்துக்கொண்டு வந்தார். எங்கள் ஹார்ட் டிஸ்க் நாற்பது ஜிபியும் ஒரே சி டிரைவாகக் கிடக்கிறது, அதுதான் தப்பு என்று தெரிந்துகொண்டு வந்திருந்தார்.

"ஒரே எடத்துல எல்லாத்தையும் கொட்டி வெச்சா, ஒண்ணு போனா மொத்தமும் போயிடும். பிரிச்சி வெச்சா பத்திரம். உன் பாடத்துக்காகத்தான் சொல்றேன்," என்றார் அம்மாவிடம்.

மாதக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் நான்கு கட்டம் போட்டார். நாங்கள் சுற்றி உட்கார்ந்தோம். மனைப் பிரிவுக்குப் படம் போடுவதுபோல் இருந்தது.

"சி-யில விண்டோஸ் மட்டும். அங்க யாரும் எதையும் வெக்கக் கூடாது. பூஜை ரூம் மாதிரி."

"பூஜை ரூமுக்குத் தினம் போய்க்கிட்டுதான இருக்கேன்," என்றாள் அம்மா.

"குளிச்சிட்டுப் போற. இவன் குளிச்சிட்டா கேம் ஆடுறான்?"

"எனக்குப் பெருசா வேணும்ப்பா," என்றான் அண்ணன். "இன்ஜினியரிங் சாஃப்ட்வேர்லாம் எடம் ஜாஸ்தி புடிக்கும்."

"நீ இன்னும் பிளஸ் ஒன்னே போவலடா."

"போவேன் இல்ல?"

"எனக்கு?" என்று நான் கேட்டேன். "நீ அம்மாகூட இரு," என்றார்கள்.

"எனக்குன்னு தனியா எதுக்குங்க?" என்றாள் அம்மா. "ஒங்களதுலயே ஒரு ஓரமா வெச்சிக்கிறேன்."

"ஓரம் கீரம்லாம் வேணாம். நாளைக்கு நீ டீச்சர். உனக்கு ஒண்ணு."

அப்பா கடைசிக் கட்டத்தில் அம்மா என்று எழுதினார். மற்ற கட்டங்களைவிட அது சின்னது. ஆனாலும் அன்று மாலை முழுக்க அந்த டிரைவுக்கு என்ன பெயர் வைப்பது என்று அம்மா யோசித்துக்கொண்டே இருந்தாள். தமிழ் என்று வைக்கலாமா என்று கேட்டாள். அப்பா அந்தத் தாளைச் சுவரில் ஆணியில் குத்தினார். இப்போது நினைத்தால், எங்கள் வீட்டில் அம்மா பெயரில் எழுதப்பட்ட முதல் இடம் அதுதான் என்று தோன்றுகிறது. நான் ஜாஸ்தியாக நினைக்கிறேனோ என்னவோ.

கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஹெல்மெட்டுக்குள் ஸ்க்ரூடிரைவர்களையும், ஸ்பாஞ்சில் சுற்றிய தன்னுடைய ஹார்ட் டிஸ்க்கையும் வைத்துக் கொண்டுவந்தார். ரொம்ப வேகமான ஆள். அவர் பேசுவதை அப்பா அண்ணாந்து கேட்பதைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"மொத்தமும் அடிச்சிட்டுதான் சார் பிரிக்க முடியும். எது எது வேணும்னு சொல்லுங்க, என் டிஸ்க்ல ஏத்தி வெச்சிட்டு, பார்மட் பண்ணி, திருப்பிப் போட்டுக் குடுத்துடறேன்."

அண்ணன் பாட்டுகளைக் காட்டினான். அம்மா தன் ஃபோல்டரைக் காட்டினாள். அவர் அதன் அளவைப் பார்த்துச் சிரித்தார்.

"இவ்ளோதானா மேடம்? உங்க பையன் வெச்சிருக்கிற ஒரு பாட்டுகூட இதைவிடப் பெருசு."

அம்மாவும் சிரித்தாள். "எல்லாம் திரும்ப வந்துடும்ல?"

"அப்படியே வந்துடும். நான் கேரண்டி."

நீலத் திரையில் மஞ்சள் பட்டை மெதுவாக நிறைவதை நாங்கள் நால்வரும் உட்கார்ந்து பார்த்தோம். அம்மா மோர் கலந்து கொடுத்தாள். பிரித்து முடித்து, ஒவ்வொரு டிரைவுக்கும் பெயர் வைக்கும்போது அம்மா தமிழ் என்றாள். "என்ன பேர் வேணா வெக்கலாம் மேடம், ஆனா இங்கிலீஷ் எழுத்துலதான் அடிக்கணும்," என்றார். அண்ணன் அவள் யோசிக்கும் முன்பே AMMA என்று அடித்துவிட்டான். அதற்குள் சர்வீஸ்காரர் அம்மாவின் ஃபோல்டரை அதில் போட்டுக் காட்டினார். கோப்புகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. எல்லாரும் பார்த்தோம். ஒருவரும் உள்ளே திறந்து பார்க்கவில்லை.

மறுநாள் மதியம் அம்மா உட்கார்ந்தாள். நான் முக்காலியைப் போட்டுப் புத்தகத்தைப் பிரித்தேன். கோப்பு திறந்தது. அதில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகள், நடுவே அரைப்புள்ளி, டாலர் குறி, அடைப்புக்குறி, மறுபடி எழுத்துகள். பக்கம் பக்கமாக அதுவே. அடுத்த கோப்பும் அப்படி. பத்திகள் மட்டும் அவள் பிரித்த இடத்திலேயே பிரிந்திருந்தன. அவள் கோடு போட்ட தலைப்புகளுக்குக் கீழே கோடு இருந்தது. அம்மா மூடித் திறந்தாள். கணினியை அணைத்து, கொஞ்சம் ஆறவிட்டுப் போட்டாள். டேபிள் ஃபேனை இன்னும் நெருக்கமாக நகர்த்தினாள். அவள் அந்த ஃபேனை நகர்த்தியதுதான் எனக்கு மறக்கவே இல்லை.

சாயங்காலம் அந்த சர்வீஸ்காரரே மறுபடி வந்தார். மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார்.

"வைரஸ் சார். ஃபைலை எல்லாம் தின்னுட்டு இருக்குது. மேடம், வெளிலேர்ந்து பிளாப்பி ஏதாவது போட்டீங்களா?"

அம்மா உள்ளே போய் வளையல் பெட்டியிலிருந்து அதை எடுத்து வந்தாள்.

"இதான் சார் வினை."

"அதுல எழுத்துதானே இருந்துது?" என்றார் அப்பா.

"எழுத்துதாங்க. டைப்பிங் சென்டர் பொண்ணு குடுத்தது. தமிழ் வரதுக்கு," என்றாள் அம்மா.

அவள் சரியாகத்தான் சொன்னாள். அந்த அறையில் இருந்தவர்களில் யாராவது 'எழுத்து' என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் சர்வீஸ்காரர் கணினியில் ஒரு நாளும் தமிழ் அடித்தவர் இல்லை.

"சென்டர்ல பத்து பேர் போடுற பிளாப்பி மேடம் அது. வைரஸுக்கு வீடே அதான். நல்ல வேளை சார், பிரிச்சி வெச்சீங்க. இந்த ஒரு டிரைவை மட்டும் அடிச்சிட்டாப் போதும். வுட்டா மத்ததுக்கும் பரவும். என் டிஸ்க்ல இருந்ததையும் நேத்தே அழிச்சிட்டேன், தப்பிச்சேன்."

அப்பாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். தான் பிரிக்கச் சொன்னது சரியாகிவிட்டது என்ற நிம்மதி. அதற்காக அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் வரவில்லை. அம்மாவைப் பார்த்து, "என்ன சொல்ற?" என்று கேட்டார். கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அம்மா திரையைப் பார்த்தாள். மேலே சின்னப் பெட்டியில், அவள் தினமும் தேர்ந்தெடுக்கும் அந்த எழுத்தின் பெயர் அப்படியே இருந்தது. அது இருப்பதை நானும் பார்த்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியும்?

"பசங்களது பத்திரமா இருந்தாப் போதும். அடிச்சிடுங்க," என்றாள்.

சின்ன டிரைவ் என்பதால் சீக்கிரம் முடிந்துவிட்டது. அம்மா அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிட்டது.

பிளாப்பியை அவளே அரிவாள்மனையில் வைத்து அறுத்தாள். உள்ளே பழுப்பு நிறத்தில் மெல்லிய வட்டத் தகடு, விரல் பட்டால் வழுக்கும். பிளாப்பியின் விளிம்பில் இப்படியும் அப்படியும் நகர்கிற வெள்ளித் தகட்டை நான் எடுத்துக்கொண்டேன். சில நாள் வைத்து விளையாடியிருப்பேன். பிறகு எங்கே போனதோ.

அப்பா ஒரு தடவை, "அந்த சென்டர் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்" என்றார். அம்மா வேண்டாம் என்றாள். "அவங்க நல்லதுக்குத்தாங்க குடுத்தாங்க. இப்ப போய் நின்னா, உன் பிளாப்பியாலதான் கெட்டுதுன்னு குத்தம் சொன்ன மாதிரி ஆயிடும்." அந்த அக்கா ஒரு நாள் காய்கறிக் கடையில் எதிரே வந்தாள். "என்னாக்கா, பிரிண்ட் எடுக்க வரேன்னீங்களே, ஆளையே காணோம்?" என்று கேட்டாள். அம்மா, "வரேம்மா, வேலை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து வேகமாக நடந்தாள். முருங்கைக்காயை வாங்காமலே வந்துவிட்டோம். அந்த அக்காவிடம் அதே எழுத்து, அவள் கணினியில், அப்போதும் இருந்திருக்கும். ஒரு நிமிடம் நின்று விஷயத்தைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அம்மாவைப் போன்றவர்களுக்கு, கொடுத்தவரைச் சங்கடப்படுத்துவதைவிடத் தான் இழப்பது எளிது. எனக்கும் அந்தக் குணம் வந்திருக்கிறது.

அம்மா தேர்வு எழுதப் போனாள். திரும்பி வந்து தயிர்சாதம் சாப்பிட்டாள். "எழுதினேன்," என்றாள். கிடைக்கவில்லை. அந்தக் கோப்புகள் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. கடைசி நேரத்தில் புரட்டிப் பார்க்க அவளிடம் ஒன்றுமில்லை என்பது மட்டும் தெரியும். பிறகு எழுதவில்லை. கணினி முன் உட்காரவும் இல்லை. அவளுடைய டிரைவ் கொஞ்ச நாள் காலியாக இருந்தது. பிறகு அண்ணன் அதில் கேம் ஏற்றிப் பெயரையும் மாற்றினான். மாற்றட்டுமா என்று அம்மாவிடம் கேட்டுத்தான் மாற்றினான்.

எனக்கு விஷயம் தெரியவந்தது கல்லூரியில். ஆய்வகத்தில் தோழி ஒருத்தி வீட்டிலிருந்து எடுத்துவந்த கட்டுரையைத் திறந்தாள். அரைப்புள்ளி, டாலர் குறி, அடைப்புக்குறி.  "வைரஸ்டி, மூடு," என்றேன். "லூசு, ஃபாண்ட் போடலடி," என்று அவள் எதையோ ஏற்றினாள். திரை முழுக்கத் தமிழ் வந்தது. அவள் தன் பாட்டுக்கு அடுத்த வேலையைப் பார்த்தாள்.

பார்மட் செய்தபோது சி டிரைவில் இருந்த எழுத்து, அந்த ஃபாண்ட், போயிருக்கிறது; கோப்புக்குள் அதன் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது. அம்மாவின் பாடம் அவளுடைய டிரைவில் ஒரு புள்ளிகூடக் குறையாமல் இருந்தது. வைரஸ் என்ற ஒன்றே இல்லை. எழுத்தைத் திரும்பக் கொண்டுவரும் பிளாப்பி அவள் கையிலேயே இருந்தது.

அன்று வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பா எடுத்தார். சாப்பிட்டீங்களா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

அப்பாவுக்கு ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும், டிவி கொஞ்சம் கோளாறு செய்தாலும், "எங்க வீட்டு அம்மா பிளாப்பியிலயே வைரஸ் வளர்த்தவங்க, தெரியுமா?" என்பார். அன்பாகத்தான் சொல்வார். அம்மாவும் கூடச் சிரிப்பாள். இத்தனை வருடங்களாக அவள் பட்டன் போன்தான் வைத்திருக்கிறாள். பணம் அனுப்புவது, டிக்கெட் போடுவது எல்லாம் அப்பாதான். என் மகள் கார்ட்டூன் போடச் சொல்லி என் போனை நீட்டினால், அம்மா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்கிறாள். "ஆயா தொட்டா கெட்டுப்போயிடும் கண்ணு." இதைக் கேட்டுக் கேட்டு என் மகளும், "ஆயா, தொடாதே!" என்று சொல்லக் கற்றுக்கொண்டாள்.

இதெல்லாம் பரவாயில்லை, அப்படியே போகட்டும் என்றுதான் இருந்தேன். சென்ற மாதம், வேங்கிக்காலில் இப்போது நாங்கள் இருக்கும் வீட்டிலிருந்து அப்பாவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அவர் குளியலறையில் மயங்கி விழுந்திருக்கிறார். அம்மாவின் போனில் சார்ஜ் இல்லை. அப்பாவின் போன் சோபாவில், என் பெயர் மின்ன மின்ன அடித்துக்கொண்டிருக்க, அம்மா அதன் முன்னால் நின்றிருக்கிறாள். பிறகு தெருவுக்கு ஓடிப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வந்திருக்கிறாள். அதற்குள் போன் ஓய்ந்துவிட்டது.

அப்பா பிழைத்துக்கொண்டார். இதயம் பலவீனமாக இருக்கிறது, மனசுக்குக் கஷ்டம் எதுவும் கொடுக்காதீர்கள் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவிடம், "ஏம்மா, விரலை வெச்சி இழுத்தாப் போதுமே" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"நான் தொட்டு ஏதாவது ஆயிட்டா, அப்புறம் உன்னைக் கூப்பிடக்கூட வழியில்லாம போயிடுமேன்னு பயமா இருந்துச்சும்மா," என்றாள். "என் கை ராசி உனக்குத்தான் தெரியுமே."

எனக்குத் தெரியும். அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும், அவள் கையில் ஒன்றும் இல்லை என்று.

சொன்னால், அவள் போனைத் தொடலாம். அடுத்த முறை அப்பா விழுந்தால் ஒரு நிமிடமாவது மிச்சமாகும். ஆனால் சொன்னால், அன்று அவள் "அடிச்சிடுங்க" என்றது எதை என்பதும் தெரிந்துவிடும். வைரஸ் தின்றது என்று ஆற்றிக்கொண்டவளிடம், எல்லாம் பத்திரமாக இருந்தது, நாம்தான் அழித்தோம் என்று எப்படிச் சொல்வேன்? அம்மா அப்பாவிடம் எதையும் மறைக்க மாட்டாள். அவளுக்காகவே கட்டம் போட்டுப் பிரித்தவர் அவர். அந்த வேடிக்கைப் பேச்சை இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்ததும் அவர்தான். அவருடைய நெஞ்சு இதைத் தாங்குமா? தாங்காமல் போனால் நான் என்ன செய்வேன்? சொல்லாமல் இருந்து, அவள் மறுபடி ஒரு போன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், அப்போது என்ன செய்வேன்?

கணவரிடம் கேட்டேன். "எப்பவோ நடந்தது, வுடு" என்கிறார். அண்ணனிடம் கேட்டால் அவனுக்கு அந்த பிளாப்பியே நினைவில்லை.

அதனால் உங்களைக் கேட்கிறேன். உங்கள் அம்மாக்களும் இதே வயதில் இருப்பார்கள். அவர்களையும் ஏதாவது ஒரு பொருள் முன்னால் இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பார்த்திருப்பீர்கள். சொல்லலாமா? அப்பா இல்லாதபோது தனியாகச் சொல்வதா, இருவரையும் வைத்துக்கொண்டா? ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறோம். அம்மா எனக்குத் தட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, "என்னம்மா ஒரு மாதிரியா இருக்க?" என்று கேட்பாள். தயவுசெய்து எழுதுங்கள். முழுவதும் வேண்டாம். அவளிடம் நான் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் எது என்று மட்டும் சொல்லுங்கள்.